காதொலிக் கருவியும் முதல் பெஞ்சும்

சோமனூர் அருகே நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், காதொலிக் கருவி அணிந்து, வீட்டில் நாங்கள் சொல்வதைப் பெரும்பாலும் பிழையின்றி எழுதுவாள். பள்ளியில் மட்டும் ‘பசி’ ‘பதி’யாகும், பாதி வரிகள் விடுபடும். பேட்டரியை மாற்றினோம், கோவையில் கேட்கும் திறனை மறுபடி சோதித்தோம், குறையேதும் தென்படவில்லை. பக்கத்து விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலைச் சந்தேகித்து அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னதில் சிறிது பயன் இருந்தது, அவ்வளவே. முதல் பெஞ்சிலோ அவள் ஏற்கெனவே இருந்தாள்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென உள்ள, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் ஒரு பாடவேளை முழுவதும் வகுப்பின் கடைசியில் அமர்ந்து கவனித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. வகுப்பாசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டே வாக்கியங்களைச் சொல்வதால், முதல் பெஞ்சில் இருப்பவளுக்குப் பாதி நேரம் அவர் முதுகுப் பக்கம்தான் இருக்கிறார். அவள் கருவியின் மைக், முன்னாலிருந்து வரும் ஒலியை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து வருவதைத் தணிக்கும் வகையைச் சேர்ந்தது; போதாக்குறைக்கு உதட்டசைவும் தெரியாது. இரைச்சலில் முதலில் தொலைவது ‘ச’ போன்ற மெல்லிய ஒலிகள்தாம்.

இப்போது மூன்றாம் வரிசையில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக, நன்கு கேட்கும் காது வகுப்பை நோக்கி இருக்கும்படி அமர்கிறாள். ஆசிரியர் ஒரே இடத்தில் நின்று, பிள்ளைகளைப் பார்த்தபடி, ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை சொல்கிறார். பிழைகள் வீட்டில் வரும் அளவுக்குக் குறைந்துவிட்டன. எங்களுக்குப் பெரிய நிம்மதி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய வசதிகளைப் பள்ளியின் கடமையாக்கியிருந்தாலும், அதை எடுத்துக்காட்ட வேண்டிய தேவையே எழவில்லை. அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறுவார் என்பதால், இந்த ஏற்பாட்டை, அவளுக்கென வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதிவைக்கக் கேட்டுக்கொண்டோம்.