‘ஃபித்னா’ சர்ச்சையைப் பற்றி எழுதுவது எப்படி: முதலில் தேதிகளை அடுக்குங்கள்

நெதர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் கீர்ட் வில்டர்ஸ் 2008 மார்ச் 27 அன்று இணையத்தில் வெளியிட்ட சுமார் 17 நிமிடப் படம் ‘ஃபித்னா’. குர்ஆன் வசனங்களையும் வன்முறைக் காட்சிகளையும் அடுத்தடுத்து ஒட்டி இஸ்லாத்தைத் தாக்கும் படம் அது. செய்திக் கட்டுரையோ ஆய்வேடோ கலைக்களஞ்சியப் பதிவோ, இதைப் பற்றித் தமிழில் எழுதும்போது பிழை நுழையும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். படம், அதற்கு எழுந்த எதிர்ப்பு, பிறகு நடந்த வழக்கு ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அந்த மூட்டையை எப்படிப் பிரிப்பது என்பதற்கான வழிமுறை இது.

தேதிப் பட்டியல்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். கோட்டின் தலையில் ‘2008 மார்ச் 27’ என்று எழுதுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு செய்தியையும் கோட்டுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துப் போடுங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் எழுதிய கட்டுரையைப் பிற்பாடு திருத்தவே முடியாது, திரும்ப எழுதத்தான் வேண்டும்.

இடப்பக்கம் சேருபவை: 2004 நவம்பர் 2 அன்று ஆம்ஸ்டர்டாம் தெருவில், இஸ்லாத்தை விமர்சித்துப் படம் எடுத்த டச்சு இயக்குநர் தியோ வான் கோ கொல்லப்பட்டது. அதே ஆண்டு வில்டர்ஸ் தம் பழைய கட்சியிலிருந்து விலகியது. 2006 தேர்தலில் அவருடைய சுதந்திரக் கட்சி 150 இடங்களில் 9 இடங்களைப் பிடித்தது. 2007 ஆகஸ்டில் குர்ஆனைத் தடை செய்யக் கோரி அவர் நாளேடு ஒன்றில் எழுதியது. நவம்பரில் படத்தை அறிவித்தது. 2008 மார்ச் தொடக்கத்தில் டச்சு (நெதர்லாந்து) அரசு பயங்கரவாத அபாய நிலையை உயர்த்தியது. படத்துக்கென்று பதிவு செய்திருந்த இணைய முகவரியை அமெரிக்க நிறுவனம் ஒன்று முடக்கியது.

வலப்பக்கம்: வெளியான அன்றே டச்சுப் பிரதமர் பால்கனெண்டே படத்துக்கு எதிராக அறிக்கை விட்டார். மறுநாள் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் கண்டித்தார். ஊழியர்களுக்கு மிரட்டல் வந்ததாகச் சொல்லி ‘லைவ்லீக்’ என்ற காணொளித் தளம் 28ஆம் தேதி படத்தை எடுத்துவிட்டு, 30ஆம் தேதி மீண்டும் ஏற்றியது. ஏப்ரலில் இந்தோனேசியா யூடியூப் உள்ளிட்ட தளங்களை முடக்கி, சில நாட்களில் தடையை விலக்கிக்கொண்டது.

இரண்டு பக்கங்களையும் பார்த்தவுடன் ஒன்று புரியும். அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே நான்கு மாதம் இருக்கிறது. அந்த நான்கு மாதமும் யாரும் பார்க்காத படத்தைப் பற்றித்தான் சண்டை. ஆகவே இடப்பக்கச் செய்தி எதற்கும் ‘படத்தைப் பார்த்துக் கொதித்தெழுந்தனர்’ என்று எழுத முடியாது. ‘படம் வரப்போகிறது என்ற செய்திக்கு எதிர்ப்பு’ என்பதே சரி.

அதிகமாகக் குழம்பும் செய்தி பாகிஸ்தானுடையது. 2008 பிப்ரவரி 24 அன்று, அதாவது வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, உலகெங்கும் யூடியூப் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிடைக்காமல் போனது. மத நிந்தனைக் காட்சிகள் இருப்பதாகச் சொல்லி உள்நாட்டில் அதைத் தடுக்க பாகிஸ்தான் அரசு ஆணையிட்டது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்காகப் போட்ட தவறான வழித்தடத் தகவல், ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியுலகுக்குக் கசிந்தது. யூடியூபைத் தேடிய உலகத்தின் கோரிக்கைகளெல்லாம் பாகிஸ்தானை நோக்கித் திரும்பின. வில்டர்ஸ் தொடர்பான காணொளியே காரணம் என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது உண்மை. அதை வைத்து ‘ஃபித்னா யூடியூபை முடக்கியது’ என்று தலைப்பிட்டால் தேதியும் இடிக்கும், தொழில்நுட்பமும் இடிக்கும்.

படத்தைக் குறிப்பெடுத்துப் பார்ப்பது

விமர்சனம் எழுதுபவர் படத்தைப் பார்த்தாக வேண்டும். வன்முறைக் காட்சிகள் நிறைய இருப்பதால், முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், இரண்டாம் முறை ஒலியோடு பாருங்கள். இது வெறும் மன ஆறுதலுக்கான யோசனை இல்லை. பின்னணியில் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் அரேபிய நடன இசையும், ஒருவர் சாவைப் பற்றி நார்வே இசையமைப்பாளர் க்ரீக் எழுதிய சோக இசையும் ஓடுகின்றன. உங்களுக்குள் எழும் உணர்ச்சியில் எவ்வளவு காட்சியால் வந்தது, எவ்வளவு இசையால் வந்தது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

மூன்றாம் முறை ஐந்து கட்டங்கள் போட்ட தாளோடு உட்காருங்கள்: நேரம், காட்சி, ஒலி, திரையில் வரும் எழுத்து, காட்சி எங்கிருந்து எடுக்கப்பட்டது. படத்தின் ஒரு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஐந்தாவது கட்டம் பல இடங்களில் காலியாகவே இருக்கும். இருக்கட்டும், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தொடக்கத்திலேயே குறித்து வையுங்கள். முதல் பதிப்பில் டேனிஷ் கேலிச்சித்திரக்காரர் குர்ட் வெஸ்டர்கார்டின் ஓவியம் இருந்தது. அனுமதி வாங்காமல் போட்டதற்கு அவர் ஆட்சேபித்தார், பிந்தைய பதிப்பில் அது நீக்கப்பட்டது. முகமது நபியை வரைந்து உலகச் சர்ச்சைக்கு ஆளானவரே இந்தப் படத்தில் தம் ஓவியம் வேண்டாம் என்று நின்றதை, இரு தரப்புக் கட்டுரையாளர்களும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கடைசியில் தாள் கிழிபடும் ஓசை கேட்கும். அது தொலைபேசிப் புத்தகத்தின் தாள் என்று உடனே திரையிலேயே எழுத்து வரும். ‘குர்ஆனைக் கிழித்தார்’ என்று எழுதினால் தவறு. குர்ஆனைக் கிழிப்பதாகப் பார்ப்பவரை நினைக்க வைத்துவிட்டு உடனே மறுக்கிறது படம் என்று எழுதுங்கள். உத்தியும் விளங்கும், உண்மையும் கெடாது.

வசனங்களைச் சரிபார்ப்பது

படம் ஐந்து குர்ஆன் வசனங்களைக் காட்டுகிறது: 8:60, 4:56, 47:4, 4:89, 8:39 (முதல் எண் அத்தியாயம், இரண்டாவது வசனம்). ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஐந்தைந்து வசனங்களைக் குறைந்தது இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளில் படியுங்கள். ஒரே மொழிபெயர்ப்பை நம்பினால் மொழிபெயர்ப்பாளரின் அடைப்புக்குறி விளக்கத்தை மூலம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தமிழ்ப் பதிப்புகளில் அடைப்புக்குறிகள் தாராளம்.

8:60 எதிரிகளுக்கு எதிராகப் படைபலத்தைத் திரட்டச் சொல்கிறது. அடுத்த வசனமான 8:61, அவர்கள் சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீரும் சாய்வீராக என்கிறது. 4:89இன் கடுமைக்கு, உடன்படிக்கை செய்த கூட்டத்தாரிடம் சேர்ந்தவர்களை 4:90 விலக்காக்குகிறது. 47:4 போர்க்களத்தைப் பேசுகிறது, கைதிகளைப் பெருந்தன்மையாகவோ ஈட்டுத்தொகை வாங்கியோ விடுவிப்பது அதே வசனத்துக்குள் வருகிறது. 4:56 மறுமையில் நரகத் தண்டனையைச் சொல்கிறது, மனிதருக்கு இடும் கட்டளை அதில் இல்லை. படத்தின் தலைப்புச் சொல்லே 8:39இல் இருக்கிறது: ‘ஃபித்னா நீங்கும்வரை’ போரிடுங்கள் என்று. மூலத்தில் பொன்னை உருக்கிப் புடம்போடும் பொருளிலிருந்து சோதனை, குழப்பம், கலகம் என்று விரிந்த சொல் இது. தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் ‘ஃபித்னா பண்ணாதே’ என்றால் குழப்பம் மூட்டாதே என்றுதான் பொருள். இதைச் சொன்னால் தமிழ் வாசகருக்குத் தலைப்பு சட்டென்று விளங்கும்.

இந்த வேலையில் எதிர்ப்பக்கச் சறுக்கலும் உண்டு. அடுத்த வசனத்தைக் காட்டிவிட்டால் விவாதம் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வன்முறையாளர்கள் சிலர் இதே வசனங்களைக் காட்டித் தங்களை நியாயப்படுத்தியதும் நடந்ததே. இரண்டையும் எழுதுங்கள். படம் வந்த சில நாட்களில் சவூதி வலைப்பதிவர் ஒருவர் பைபிள் வசனங்களையும் போர்க்காட்சிகளையும் இதே பாணியில் ஒட்டி ஒரு காணொளி செய்து காட்டினார். இந்த வெட்டி ஒட்டும் உத்தி எந்த நூலிலும் பலிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

படமும் எண்ணும்

திரையில் வரும் முகங்களைத் தலைகீழ்ப் படத்தேடலில், அதாவது புகைப்படத்தைக் கொடுத்து அது எங்கிருந்து வந்தது என்று தேடும் வசதியில், போட்டுப் பாருங்கள். தியோ வான் கோவைக் கொன்ற முகமது பூயெரி என்று சொல்லிப் படம் காட்டியது, மொராக்கோ வம்சாவளி டச்சு ராப் பாடகர் சலா எடினின் புகைப்படத்தை. தம் இசைத்தொகுப்பின் அட்டைக்காகப் பூயெரியைப் போலவே தோற்றம் கொடுத்து அவர் எடுத்துக்கொண்ட படம் அது. கொலையாளி என்று ஒரு பாடகரைக் காட்டியது சிறிய பிழையில்லை.

எண்ணுக்கும் இதே கவனம் வேண்டும். நெதர்லாந்தில் முஸ்லிம்கள் 1909இல் 54 பேர், 2004இல் 9,44,000 பேர் என்று படம் வரைபடம் காட்டுகிறது. பிறந்த நாட்டை வைத்து மதத்தைக் கணக்கிட்ட பழைய முறையில் வந்த எண் பின்னது. டச்சுப் புள்ளியியல் துறை கணக்கிடும் முறையை மாற்றி, சுமார் 8.5 லட்சம் என்று 2007 அக்டோபரிலேயே திருத்தி வெளியிட்டது. படம் வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும், எப்படி எண்ணினார்கள் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

வழக்குகளைக் குழப்பாமல் எழுத

2008 ஜூனில் அரசுத் தரப்பு வில்டர்ஸ் மீது வழக்குத் தொடுக்க மறுத்தது. 2009 ஜனவரி 21 அன்று ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கு நடத்தச் சொல்லி ஆணையிட்டது. 2010 அக்டோபரில் நீதிபதிகள் பாரபட்சம் காட்டுவதாகத் தோன்றுகிறது என்ற மனு ஏற்கப்பட்டு, விசாரணை புதிய நீதிபதிகளோடு முதலிலிருந்து தொடங்கியது. 2011 ஜூன் 23 அன்று வில்டர்ஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். படம் மட்டுமல்ல, அவருடைய பேட்டிகளும் கட்டுரைகளும் இந்த வழக்கில் இருந்தன. ஆகவே ‘படத்துக்கு நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்தது’ என்று எழுத வேண்டாம். டச்சுக் குற்றவியல் சட்டத்தில் 137சி பிரிவு ஒரு மக்கள் குழுவை இழிவுபடுத்துவதையும், 137டி பிரிவு வெறுப்போ பாகுபாடோ தூண்டுவதையும் குற்றமாக்குகின்றன. மதத்தைத் தாக்குவதும் மதத்தினரைத் தாக்குவதும் ஒன்றல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009 மார்ச்சில் வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது. இந்த வேறுபாட்டை விளக்காமல் விடுதலையை விளக்க முடியாது.

பிறகு அவர் தண்டிக்கப்பட்டாரே என்று யாராவது கேட்பார்கள். அது வேறு வழக்கு. 2014இல் மொராக்கோக்காரர்களைக் குறைக்க வேண்டுமா என்று கூட்டத்தைக் கேட்ட பேச்சுக்கானது, 2016இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று லண்டன் ஹீத்ரோவில் அவர் திருப்பி அனுப்பப்பட்டது குடிவரவு நடவடிக்கை. அந்தத் தடையை அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் தீர்ப்பாயம் ரத்து செய்தது. இதையும் தனிப் பத்தியில் வையுங்கள்.

தமிழில் சுற்றும் வதந்திகள்

‘ஃபித்னா தயாரிப்பாளர் இஸ்லாத்தைத் தழுவினார்’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2013இல் மதம் மாறியதை அறிவித்த அர்னூட் வான் டோர்ன், முன்பு வில்டர்ஸ் கட்சியில் இருந்த தி ஹேக் நகர மன்ற உறுப்பினர். 2019இல் அறிவித்த யோரம் வான் கிளாவரன் அதே கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். இருவரையும் ஒருவராக்கும் பதிவுகள் உண்டு. ‘முன்னாள் கட்சிக்காரர்’ என்று எழுதினால் போதும்.

2012 செப்டம்பரில் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் முன் நடந்த போராட்டத்தையும் இதோடு சேர்க்காதீர்கள். அது அமெரிக்காவில் தயாரான வேறொரு காணொளிக்கு எதிரானது, அதை எடுத்தவர் அரசியல்வாதியும் இல்லை. ‘டச்சு அரசின் படம்’ என்ற சொல்லும் தவறு. வில்டர்ஸ் அப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார், அரசே படத்தை எதிர்த்தது.

வெளியிடும் முன்

தமிழ்நாட்டிலிருந்து வெளியிடுகிறவர்கள் இந்தியாவின் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 (குழுக்களிடையே பகை மூட்டுவது), 299 (மத உணர்வைப் புண்படுத்துவது) ஆகிய பிரிவுகளைப் படித்துவிடுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 295ஏ ஆகியவற்றின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் இருப்பவை இவை. படத்தின் காணொளியையோ வெஸ்டர்கார்டின் ஓவியத்தையோ கட்டுரையில் பதிக்கத் தேவையே இல்லை, காட்சியைச் சொல்லால் விவரித்தாலே விமர்சனத்துக்குப் போதும். முகப்புப் படத்துக்கு நாடாளுமன்றக் கட்டடமோ நீதிமன்ற வளாகமோ நல்லது. தொழுகையில் இருக்கும் மக்கள் கூட்டத்தைப் போட்டுவிட்டு மேலே ‘பயங்கரம்’ என்று தலைப்பு வைத்தால், படம் செய்த அதே ஒட்டுவேலையை நீங்களும் செய்துவிட்டீர்கள். தலைப்பு எழுதுவது பெரும்பாலும் வேறொருவர் என்பதால், கட்டுரையோடு தலைப்பையும் படக்குறிப்பையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.