உங்கள் ஐந்து பேருக்கு எந்த ஆட்டம்? கூடைப்பந்துப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பாடசாலை அணிக்குப் பின்னேரங்களில் பயிற்சி கொடுத்த முதல் வருடம் நான் செய்த முட்டாள்தனத்திலிருந்தே தொடங்குகிறேன். யூடியூபில் ட்ரையாங்கிள் அஃபென்ஸ் (மூன்று பேர் முக்கோணமாக நின்று பாஸ் கொடுத்துத் தாக்கும் முறை) பார்த்து மயங்கிப்போய், ஆறு வாரம் அதையே சொல்லிக் கொடுத்தேன். பலகையில் வரைந்தால் மார்கழிக் கோலம் மாதிரி இருக்கும். மேட்சில் இரண்டாவது பாஸ் போனதும் ஒருவன் நின்று என்னைப் பார்த்து "சேர், நான் இப்ப எங்க நிக்கிறது?" என்று கேட்டான். மற்ற அணி பந்தைப் பறித்துக்கொண்டு போய் லேஅப் (கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் போடுவது) போட்டது.

ஆட்டமுறையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு ஆட்களை அதற்குள் திணிப்பதுதான் பெரிய தவறு, மற்றவை எல்லாம் அதன் குட்டிகள். டெக்ஸ் வின்டர் செதுக்கிய அந்த ட்ரையாங்கிளை வைத்து பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏயில் சிகாகோ புல்ஸுடன் 6, லேக்கர்ஸுடன் 5 என்று 11 சாம்பியன்ஷிப் எடுத்தார், சரி. அதே ஜாக்சன் 2014இல் நியூயோர்க் நிக்ஸின் தலைவராகப் போனபோது அங்கேயும் அந்த முறையைக் கொண்டுவந்தார்கள். 2014-15 சீசனில் 82 மேட்சில் 17தான் வென்றார்கள். கார்மெலோ அந்தோனி காயத்தால் பாதி சீசன் ஆடவில்லை, அதனால் முழுப் பழியையும் ட்ரையாங்கிளில் போட முடியாது. ஆனால் புல்ஸின் ஜோர்டனும் பிப்பனும் இல்லாத இடத்தில் அந்தக் கோடுகள் தாமாகப் புள்ளி எடுத்துத் தரவில்லை.

ஆகவே முதல் இரண்டு வாரம் எந்த பிளேயும் (முன்கூட்டியே வகுத்த ஆட்டத் திட்டம்) சொல்லிக் கொடுக்காதீர்கள், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பாருங்கள். யார் இடக்கையாலும் லேஅப் முடிக்கிறான், ஒருவன் நெருக்கி வந்து மறித்தாலும் தலை நிமிர்ந்தே பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவன் யார், பாஸ் கொடுத்த கையோடு கூடையை நோக்கி கட் பண்ணி ஓடுகிறவன் யார், கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கிறவன் யார். ஷூட்டிங்கை அளக்கும்போதும் நின்ற இடத்தில் நிதானமாக எறிய விடாதீர்கள். கோர்ட்டை ஒருதடவை ஓடிவரச் சொல்லி, மூச்சு வாங்கும்போதே ஐந்து இடத்திலிருந்து பத்துப் பத்து எறியவிட்டு எண்ணுங்கள். எங்கள் கோர்ட் திறந்தவெளி. தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து அடிக்கிற மாதங்களில் காலையில் விழுந்த ஷொட் பின்னேரம் விழாது, அதையும் கொப்பியில் குறித்தோம்.

அடுத்தது, என்பிஏ பார்த்து அப்படியே எடுப்பது. பலர் கவனிக்காத ஒரு விதி வித்தியாசம் இருக்கிறது. என்பிஏயில் தடுக்கிற ஆள் யாரையும் நெருங்கி மறிக்காமல் கூடைக்கு முன்னால் கோடு போட்ட கீ பகுதிக்குள் மூன்று வினாடிக்கு மேல் நின்றால் குற்றம். நாங்கள் ஆடுகிற ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனம்) விதியில் அந்தத் தடை இல்லை, மூன்று வினாடிக் கணக்கு பந்து வைத்திருக்கிற அணிக்கு மட்டும்தான். அதாவது எதிரணியின் உயரமான பையன் மேட்ச் முழுக்க கூடைக்கு முன்னால் மதில் மாதிரி நிற்கலாம், நிற்பான். அங்கே ஒருவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நான்கு பேரும் ஒதுங்கி நின்று வழிவிடுகிற ஆட்டம் எடுபடாது, அந்த நான்கு பேரில் இரண்டு பேருக்காவது வெளியிலிருந்து ஷூட் பண்ண வந்தால் ஒழிய. வெளியில் நிற்கிறவனுக்கு ஷூட் வராது என்று தெரிந்தால் அவனை யார் மறிக்கப் போகிறார்கள்?

அதற்காக எல்லோரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அனுப்பவும் வேண்டாம். கணக்கு லேசானது. பத்து எறிந்து இரண்டு விழுகிறவன் 6 புள்ளி தருகிறான், உள்ளே போய்ப் பத்தில் நான்கு போடுகிறவன் 8 தருகிறான். மூன்றில் ஒன்றாவது விழுந்தால்தான் வெளியிலிருந்து எறிவது, உள்ளே பாதிக்குப் பாதி போடுவதற்குச் சமம். 6.75 மீட்டரிலிருந்து அப்படிப் போடுகிற பிள்ளை உங்களிடம் எத்தனை பேர் என்று கொப்பியைப் பார்த்தாலே தெரியும். என்னிடம் ஒருவன் இருந்தான்.

நெட்டையனைக் கண்டதும் "போ, கூடைக்குக் கீழே நில்" என்பது இன்னொன்று. எங்கள் அணியில் ஆக உயரமானவனுக்கு இடிபடவே பயம், கூடைக்குப் பக்கத்தில், போஸ்டில் பந்து கிடைத்தால் சூடான சட்டியைத் தொட்டவன் மாதிரி வெளியே எறிவான். ஒரு சீசன் அவனைத் திட்டியே கழித்தேன் (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது). பிறகுதான் உறைத்தது, அவன் எறிகிற பந்து ஒவ்வொரு தடவையும் சரியான ஆளிடம்தான் போகிறது. பாடசாலை மேட்சுகளில் எங்களுக்கு எதிராக அநேகமாக 2-3 சோன் (முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் நின்று ஆளை அல்ல, இடத்தைக் காக்கும் தடுப்பு) போடுவார்கள். அதன் நடுவில், ஃப்ரீ த்ரோ கோட்டருகே, ஹை போஸ்ட் என்கிற இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அவனை அங்கே நிறுத்தினோம். பந்து அவன் கைக்குப் போனதும் சோன் சுருங்கும், மூலையில் இருப்பவன் தனியாக நிற்பான், இவன் உயரத்துக்கு எல்லோர் தலைக்கும் மேலால் பாஸ் போகும். நிகோலா யோக்கிச் சென்டராக (வழக்கமாகக் கூடைக்குக் கீழே நெட்டையன் ஆடுகிற இடம்) இருந்துகொண்டே என்பிஏ அணியான டென்வரின் ஆட்டத்தையெல்லாம் தன் பாஸால் நடத்தி 2023இல் அந்த அணிக்கு முதல் சாம்பியன்ஷிப் எடுத்துக் கொடுத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்தானே, ஆனாலும் நம்மூர் நெட்டையனை இன்னும் கூடைக்குக் கீழேதான் நட்டு வைக்கிறோம்.

ஆட்களுக்கு ஏற்றபடி என்றால் கெட்டிக்காரன் ஒருவனுக்கே பந்தைக் கொடுப்பது என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. முதல் பாதி ஓடும். அதற்குள் எதிரணி கோச் அவனுக்கு இரண்டு பேரை விடுவார், அப்புறம் பந்தைத் தொடாமலேயே இருபது நிமிடம் ஓடித் திரிந்த மற்ற நான்கு பேரிடமிருந்து திடீரென்று என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

தோற்ற ஒவ்வொரு மேட்சுக்குப் பிறகும் முறையை மாற்றுகிற பழக்கத்தையும் விடுங்கள். ஷொட் நல்லதாக அமைந்து விழாமல் போனதா, ஷொட்டே அமையவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது என்றால் முறையில் பிழை இல்லை, ஷூட்டிங் பயிற்சியைக் கூட்டினால் போதும்.

இரண்டாம் வருடம் எங்களிடம் இருந்தது மூன்றே மூன்று பிளே. ஒன்று அந்த ஹை போஸ்ட், ஒன்று பிக் அன்ட் ரோல் (பந்து வைத்திருப்பவனை மறிக்கிறவனின் வழியில் ஒருவன் நின்றுவிட்டுக் கூடைக்கு ஓடுவது), இன்னொன்று சைட்லைனிலிருந்து பந்து போடும்போது அந்த ஒரே ஷூட்டருக்கு இரண்டு ஸ்கிரீன் (அவனை மறிக்க வருகிறவனின் வழியில் நம் ஆள் நிற்பது). பலகையை வீட்டில் மறந்துவிட்டுப் போன நாட்களிலும் பயிற்சி நடந்தது.