கடற்கரை மாடியில் ரூட்டர் போர்டு: மாட்டும் முறை

மண்டபம், பாம்பன் பக்கம் மொட்டை மாடிக் கம்பத்தில் ரூட்டர் போர்டு, அதாவது இன்டர்நெட்டை வைஃபை சிக்னலாக அனுப்புகிற கருவி, ஏற்றப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் அதிகம் மாட்டுவது மைக்ரோடிக் கம்பெனி போர்டு என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். செட்டிங் போடுவது சின்ன வேலை. உப்புக்காற்றுக்குத் தாங்குகிற மாதிரி மாட்டுவதற்குத்தான் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

செட்டிங் எல்லாவற்றையும் கீழே, மேசையில் வைத்தே முடித்துவிடுங்கள். கரண்ட் கொடுப்பதற்கு முன்பே ஆண்டெனாவை மாட்டிவிட வேண்டும். ஆண்டெனா இல்லாமல் போர்டின் ரேடியோ ஓடினால், வெளியே போக வேண்டிய சக்தி உள்ளேயே திரும்பி ஆம்ப்ளிஃபயரைக் கெடுத்துவிடலாம். அப்புறம் அடாப்டர். 24 வோல்ட் போர்டுக்கு, கேமராவுக்கு வாங்கி வைத்த 48 வோல்ட் பிஓஇ இன்ஜெக்டரை (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்டும் அனுப்பும் அடாப்டர்) செருகினால் போர்டு போய்விடலாம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு டப்பாதான்; ஸ்டிக்கரைப் படித்துவிட்டுச் செருகுங்கள். இன்ஜெக்டரில் பிஓஇ என்று போட்டிருக்கும் துளை போர்டுக்கு, மற்றது லேப்டாப்புக்கு.

பிரவுசரில் 192.168.88.1 என்று அடித்தால் உள்ளே போகலாம். பெயர் அட்மின். பழைய போர்டுகளில் பாஸ்வேர்டே கிடையாது, புதியவற்றில் ஸ்டிக்கரில் இருக்கும். எதுவானாலும் உடனே மாற்றுங்கள். அடுத்து, போர்டை ஓட்டுகிற சாஃப்ட்வேரான ரவுட்டர்ஓஎஸ்ஸுக்கு அப்டேட். 2018-ல், செட்டிங் மாற்ற உதவும் வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக் சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாக ஹேக்கர்கள் உலகம் முழுக்க ஏகப்பட்ட மைக்ரோடிக் ரூட்டர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தார்கள். ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். டெல்நெட், எஃப்டிபி போன்ற தேவையில்லாத சர்வீஸ்களையும் மூடிவிடுங்கள். வைஃபை பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2-க்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். வேறு நாட்டைப் போட்டால் சிக்னல் கூடும் என்று சொல்லித்தர ஊருக்கு ஒருவர் இருப்பார், கேட்காதீர்கள். 5 ஜிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. இங்கே பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படை விமானதளமே இருக்கிறது. அந்தச் சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடமாவது கவனித்த பிறகுதான் போர்டு சிக்னலை வெளியே விடும். அதற்குள் பொறுமையிழந்து ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, இனி மேலே ஏறலாம். ஆடியில் கச்சான் தென்கடலிலிருந்து உப்பை அள்ளி வரும், கார்த்திகையில் வாடை வடகடலிலிருந்து கொண்டு வரும். கம்பத்துக்குப் பாதுகாப்பான பக்கம் என்று இங்கே எதுவும் இல்லை. அதனால் போர்டு இருக்கும் பெட்டியின் கேபிள் வாய் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும். பெட்டிக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வாயை அடைக்க சிலிகான் வாங்கும்போது நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற மலிவுச் சிலிகான், காயும்போது அமிலத்தை விடும். அதுவே செம்பை அரிக்கும். உப்பு படிந்த கனெக்டரில் கரண்டும் ஓடினால் பச்சைக் களிம்பு சீக்கிரம் ஏறிவிடும். கேபிள் முழுச் செம்பாக, வெயில் தாங்கும் கறுப்பு உறையோடு இருக்க வேண்டும். கிளாம்பும் நட்டும் 316 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் நல்லது. சாதாரண இரும்பு போட்டால், அடுத்த முறை கழற்ற ஸ்பானர் போதாது, அறுக்கத்தான் வேண்டும்.

இடிக்கு வருவோம். கம்பத்துக்கு எர்த் கட்டாயம். மணலின் மேல்மட்டத்தில் ஈரம் நிற்காது, எர்த் ராடை ஈரமண் தட்டும் வரை இறக்குங்கள். உப்புத்தண்ணீரில் இரும்பு கரைந்துவிடும், செம்புப் பூச்சுள்ள ராடுதான் சரி. ஐப்பசி மழைக்கும் சித்திரை மாதத்துக் கோடை மழைக்கும் மேகம் கறுக்கத் தொடங்கும்போதே அடாப்டரையும் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். இடிச்சத்தம் கேட்ட பிறகு அடாப்டரையும் கேபிளையும் தொடாதீர்கள், மாடிக்கும் போகாதீர்கள். போர்டு போனால் வாங்கிக்கொள்ளலாம்.

ஆண்டெனாவுக்கும் ஆளுக்கும் நடுவே 20 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். பெரிய டிஷ் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முன்னால் போய் நின்று திருப்பிக்கொண்டிருக்காதீர்கள்; பின்பக்கமிருந்தே செய்யலாம். மாடிக் கொடிக்கயிற்றை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி வேறு பக்கம் கட்டச் சொல்லுங்கள். ஈரச் சேலை முன்னால் தொங்கினால் சிக்னல் இறங்கிவிடும்.