டெக்சாஸ் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறீர்களா? தடுப்பூசி அட்டையை முதலில் எடுங்கள்

கோடை விடுமுறையில் டல்லாஸ் பக்கம் வந்து இறங்கும் நம் குடும்பங்கள் முதலில் வீடு பார்க்கிறார்கள், அப்புறம் கார், அதற்கும் அப்புறம்தான் பள்ளி. நாங்களும் அப்படித்தான் செய்தோம். இங்கே ஆகஸ்ட் நடுவிலேயே வகுப்பு தொடங்கிவிடும், நம் ஊர் ஜூன் கணக்கெல்லாம் உதவாது, ஜூலை கடைசியில் விழித்துக்கொண்டால் டாக்டரிடம் நேரம் கிடைப்பதே கஷ்டம். என் மகள் பள்ளி திறந்து நான்கு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள், ஒரே ஒரு ஊசி பாக்கி என்பதால். ஜன்னல் வழியே மஞ்சள் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்கிறேன்.

வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பாருங்கள். ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், இங்கே சொல்வதுபோல் ஐஎஸ்டி, நகராட்சியின் கீழ் வருவதில்லை. அதற்குத் தனி வாரியம், தனித் தேர்தல், தனிச் சொத்துவரி, தனி எல்லை. ஃபிரிஸ்கோ என்று முகவரி இருந்தால் ஃபிரிஸ்கோ ஐஎஸ்டி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊருக்குள்ளேயே சில பகுதிகள் பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் டிஸ்ட்ரிக்டுகளில் வருகின்றன. மறுபக்கம், பிளேனோ முகவரி உள்ள சில வீடுகள் ஃபிரிஸ்கோ ஐஎஸ்டிக்குள் வரும். டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள், அபார்ட்மென்ட் அலுவலகத்தில் சொல்வதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இப்போது தடுப்பூசி. இதில்தான் இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் நம் அட்டை முழுதாகத்தான் இருக்கும், ஆனால் இங்குள்ள கணக்கு வேறு. நம் ஊரில் தட்டம்மைக்கான முதல் ஊசியை ஒன்பதாம் மாதத்தில் போடுகிறோம். டெக்சாஸில் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டால்தான் அது கணக்கு, அதற்கு முன்பு போட்டது போடாதது போலத்தான். அரசு மருத்துவமனை அட்டையில் எம்ஆர் என்று இருக்கும், அதில் தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும்தான் உண்டு. இங்கே கேட்பது எம்எம்ஆர், பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து, இரண்டு முறை. சின்னம்மை ஊசி இரண்டு, ஹெப்படைட்டிஸ் ஏ இரண்டு. இவை நம் அரசு அட்டவணையிலேயே கிடையாது, தனியார் டாக்டரிடம் போட்டவர்களுக்குத்தான் இருக்கும். போலியோ சொட்டு மருந்தில் இன்னொரு சிக்கல்: 2016 ஏப்ரல் முதல் கொடுத்த சொட்டு மருந்தை அமெரிக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை, அந்த ஆண்டு சொட்டு மருந்தில் இருந்த மூன்று வகை வைரஸில் ஒன்றை நீக்கிவிட்டார்கள் என்பதால். போலியோ ஊசி போட்டிருந்தால் அதை அட்டையில் தெளிவாக எழுதி வாங்குங்கள். ஏழாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றுக்குமானது), மெனிஞ்சைட்டிஸ் ஊசிகளும் வேண்டும்.

முடிந்தால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே குழந்தை மருத்துவரிடம் போய் இதையெல்லாம் சொல்லி, விட்டுப்போனதைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மாதம், வருடத்தோடு ஆங்கிலத்தில் எழுதி, முத்திரையும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 05/08 என்றிருந்தால் நமக்கு ஆகஸ்ட் ஐந்து, இங்கே மே எட்டு. எல்லா டோஸும் முடிந்திருக்க வேண்டியதில்லை. வயதுக்குரிய ஒவ்வொரு ஊசியிலும் குறைந்தது ஒரு டோஸ் போட்டிருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, மீதியை உரிய இடைவெளியில் போடச் சொல்வார்கள். என் மகளுக்கு எம்எம்ஆர் இருந்தது, சின்னம்மை இருந்தது, ஹெப்படைட்டிஸ் ஏ ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்றுதான் நிறுத்தியது. இன்ஷூரன்ஸ் இன்னும் வரவில்லையா? கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போல) சுகாதாரத் துறை கிளினிக்கை அழைத்துக் கேளுங்கள். காப்பீடு இல்லாத 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் தடுப்பூசி மருந்து இலவசம், ஊசி போடுவதற்கு மட்டும் சிறு கட்டணம் கேட்கலாம். நாங்கள் கடைசியில் அங்கேதான் போனோம்.

சில இடங்களில் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோலில் செய்யும் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம். ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

மற்ற காகிதங்கள் இவ்வளவு கஷ்டமில்லை. லீஸ் ஒப்பந்தம் அல்லது கரண்ட் பில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், பெற்றோரின் அடையாள அட்டை, பழைய பள்ளியின் டிசி, மார்க்ஷீட். ஏதாவது கையில் இல்லையென்றாலும் பயப்பட வேண்டாம், பழைய பள்ளியின் பதிவுகளையும் பிறப்புச் சான்றையும் கொடுக்கச் சட்டப்படி 30 நாள் அவகாசம் உண்டு. பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள், அதற்குப் பதில் மாநில எண் ஒன்று கொடுத்துவிடுவார்கள். விசா நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. இதே டெக்சாஸில் டைலர் என்ற ஊரின் பள்ளி டிஸ்ட்ரிக்ட் மீது போட்ட வழக்கில்தான், பிளைலர் எதிர் டோ என்று பெயர், 1982ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கொடுத்தது. விசா புதுப்பித்தல் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பள்ளிப் பக்கமே போகத் தயங்கும் குடும்பங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று. இங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட், அதாவது தேறியதற்கான புள்ளி, அது கல்லூரி வரை கூட வரும். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வருகிற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்க்ஷீட்தான் முக்கியம் என்று பழக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டை விட்டுவிட்டு வராதீர்கள். பாடவாரியாக மதிப்பெண், பள்ளி லெட்டர்ஹெட், தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்பார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். நிறையப் பேர் இங்கிலீஷ் என்று எழுதிவிடுகிறார்கள், இஎஸ்எல் என்ற, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான வகுப்பில் போட்டுவிடுவார்கள், பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயத்தில். அப்படியெல்லாம் ஆகாது. தமிழ் என்று எழுதினால் ஒரு தேர்வு வைப்பார்கள், நன்றாகச் செய்தால் அதோடு முடிந்தது. செய்யவில்லை என்றால் ஆங்கிலத்துக்குக் கூடுதல் உதவி கிடைக்கும், வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. சென்னையில் ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குக்கூட இங்குள்ள டீச்சரின் உச்சரிப்பு பிடிபட ஒரு மாதம் ஆகிறது, அந்த ஒரு மாதம் பிள்ளை வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும். உதவி இருக்கும்போது ஏன் அதை மறைக்க வேண்டும்?

நோட்டு, பென்சில், க்ரேயான் எல்லாம் எந்த வகுப்புக்கு எத்தனை என்று பள்ளியே பட்டியல் போடும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை 100 டாலருக்குக் குறைந்த துணிமணி, செருப்பு, பள்ளிப் பை, பள்ளிச் சாமான்களுக்கு மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது, அப்போது வாங்குங்கள். போன் வாங்கிக் கொடுத்தாலும் வகுப்பில் பயன்படாது, 2025ல் வந்த சட்டப்படி பள்ளி நேரத்தில் போன், ஸ்மார்ட் வாட்ச் எதையும் தொடக்கூடாது. பையில் குரோசின் போட்டு அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எந்த மாத்திரையானாலும் படிவத்தோடு நர்ஸிடம்தான் கொடுக்க வேண்டும்.

டிசம்பரில் ஊருக்குப் போக டிக்கெட் போடும் முன், பள்ளி நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை இரண்டு வாரம்தான், நாம் நான்கு வாரம் போய்விடுகிறோம். வகுப்புக்கு கிரெடிட் கிடைக்க 90 சதவீத வருகை வேண்டும், ஆறு மாதத்தில் 10 நாள் காரணமில்லாமல் விட்டால் பெற்றோருக்குச் சட்டப்படியே சிக்கல் வரும், தாத்தா பாட்டியைப் பார்க்கப் போனோம் என்பதை அவர்கள் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஜூன், ஜூலையில் போங்கள். திரும்பி வரும்போது அந்த ஊசி அட்டையின் ஒரு நகலையும் பெட்டியில் எடுத்து வையுங்கள்.