ஸ்மூத்தனிங் செய்த தலையில் சொந்த முடியைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஆனி மாதச் சாரல். துவர்த்தை வாங்கி என் தலையைத் துடைத்துவிட்ட மைனி, உச்சியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒனக்கு ஆச்சி முடி திரும்பி வந்துட்டு" என்றார்.

கல்யாணத்துக்காக, முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தோளுக்குக் கீழே கம்பி மாதிரி நேராக, உச்சியில் நான்கு விரல் அளவுக்குச் சுருள் சுருளாக, ஒரே தலையில் இரண்டு பேருடைய முடி. "ஆறு மாசத்துல பழையபடி ஆயிரும்" என்று பார்லரில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் நுனியைத் தடவித் தடவிக் காத்திருந்தேன். நுனி ஆகவே ஆகாது என்பது பிறகுதான் புரிந்தது. பார்க்க வேண்டிய இடம் வேர்.

என்ன செய்தார்கள் என்று நினைவுபடுத்துங்கள்

முடியை வளைத்தும் நெளித்தும் வைத்திருப்பது கெரட்டின் புரதத்துக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் க்ரீம்களில் பெரும்பாலும் இருக்கும் அமோனியம் தையோகிளைகோலேட் அந்தப் பிணைப்பை உடைக்கும். பிறகு நேராக இழுத்து அயர்ன் செய்து, நியூட்ரலைசர் என்ற இரண்டாவது க்ரீமால் அப்படியே பூட்டிவிடுவார்கள். பூட்டினது பூட்டினதுதான், அந்த நீளம் முழுவதும் வெட்டி எறியும்வரை நேராகவே இருக்கும்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் வேறு. அது பெரும்பாலும் மேல் பூச்சு. மூன்று முதல் ஐந்து மாதத்தில் குளிக்கக் குளிக்கக் கரைந்துவிடும், பழைய நெளியும் ஓரளவு திரும்பும். ஆனால் அந்தப் பூச்சைப் பதிய வைக்க 200 டிகிரிக்கு மேல் சூட்டில் அயர்ன் செய்வார்கள். அந்தச் சூட்டில் சுருள் செத்துப்போயிருந்தால் திரும்பாது.

பில்லில் என்ன பெயர் போட்டிருந்தார்கள் என்பதை நம்பாதீர்கள். மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடையோடு ஒரு க்ரீம், அலசல், அயர்ன், மறுபடி இன்னொரு க்ரீம் என்று நடந்திருந்தால் அது நிரந்தர வகை.

காத்திருங்கள்

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று, ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். மூன்றாம் மாதமே கண்ணாடி முன்னால் நின்றால் குழப்பம்தான் மிஞ்சும். இறுக்கமான சுருட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே தலைகாட்டிவிடும். நெளி முடிக்கு ஒரு வளைவு முழுதாக விழ எட்டுப் பத்து சென்டிமீட்டராவது வேண்டும். அதாவது எட்டு மாதம். நெளி முடிக்காரர்கள் பலர் நான்காம் மாதத்திலேயே பார்த்துவிட்டு "நம்மளது நேர் முடிதான் போல" என்று முடிவுகட்டி, மறுபடி பார்லர் படி ஏறிவிடுகிறார்கள். கீழே தொங்கும் பழைய முடியின் பாரமும் புது முடியை இழுத்து நேராகக் காட்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

நெற்றியோரத்துப் பூனை முடியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது யாருக்கும் அடங்காது. பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும் சமயமும் சொந்த முடியைச் சோதித்துப் பார்க்க ஏற்றதல்ல.

எந்தத் தண்ணீரில் குளிக்கிறீர்கள்?

இதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். என் அம்மா வீடு அம்பாசமுத்திரம், குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். புகுந்த வீடு திசையன்விளைப் பக்கம், போர் தண்ணீர். அங்கே சோப்பு நுரைக்கவே யோசிக்கும், வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் தலையிலும் படிகிறது. போர் தண்ணீரில் குளித்து ஒரு மாதம் ஆனால் என் முடி பரட்டையாக, நார் மாதிரி இருக்கும். அம்மா வீட்டில் நாலு நாள் இருந்து ஆற்றுத் தண்ணீரில் அலசினால் அதே முடி வளைவு வளைவாக விழும். உப்புத் தண்ணீர் வீட்டில் நின்றுகொண்டு "எனக்குப் பரட்டை முடி" என்று சொல்ல முடியாது, அது தண்ணீரின் குணமாகவும் இருக்கலாம். சோதனை செய்யும் நாளில் மட்டுமாவது இரண்டு குடம் நல்ல தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

சோதனை நாள்

முந்தின இரவு சடை போடாதீர்கள். சடை அவிழ்த்த முடியில் தெரியும் நெளி சடையின் நெளி, உங்களுடையது இல்லை. எண்ணெயும் வேண்டாம்.

காலையில் கிளாரிஃபையிங் ஷாம்பு என்று கடையில் கிடைப்பதைப் போட்டு இரண்டு முறை தேய்த்து அலசுங்கள். சிலிக்கோன் சீரம் தடவும் பழக்கம் இருந்தால் சீயக்காய் மட்டும் போதாது, அந்தப் பூச்சு லேசில் போகாது. கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் ட்ரீட்மென்ட் செய்த பகுதி சிக்கு விழுந்து கழுத்தை அறுக்கும். வேர்ப்பக்கம் ஒன்றும் வேண்டாம்.

பிறகு சீப்பைத் தொடாமல், ட்ரையர் போடாமல், துண்டால் அடித்து உதறாமல் (இது நம் வீடுகளில் கஷ்டம், தெரியும்) பழைய பருத்தி பனியன் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் பாருங்கள். உச்சி, நெற்றிப்பொட்டுப் பக்கம், பிடரி மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எனக்கு உச்சியில் நெளி, பிடரியில் மோதிரச் சுருள். ஒரே தலையில் இரண்டு மூன்று வகை இருப்பது சாதாரணம்.

தட்டில் ஒரு முடி

எனக்குப் பிடித்த வேலை இதுதான். குளிக்கும்போது கையோடு வந்த முடிகளில், ஒரு முனையில் சின்ன வெள்ளைப் புள்ளி இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அந்தப் புள்ளிதான் வேர்முனை. புள்ளி இல்லாமல் குட்டையாக இருந்தால் அது நடுவில் ஒடிந்தது, ஆகாது. எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முடியை இழுக்காமல் அதில் மிதக்கவிடுங்கள். புள்ளியிலிருந்து கொஞ்ச தூரம் பாம்பு மாதிரி வளைந்து போகும். பிறகு திடீரென்று ஓரிடத்தில் நேர்கோடாகிவிடும். அந்த இடம்தான் எல்லை. ஸ்கேலை வைத்து அளந்தால் எத்தனை மாத வளர்ச்சி என்று சொல்லிவிடலாம்.

எல்லைக்கு மேலே உள்ள வளைவுக்குத்தான் பெயர் வைக்க வேண்டும். அமெரிக்க முடி அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் பரப்பிய எண்கள்தான் இன்றும் நடப்பில் இருக்கின்றன: 1 நேர் முடி, 2 நெளி, 3 சுருட்டை, 4 மிக நெருக்கமான சுருள். இறுக்கத்தைப் பொறுத்து ஏ, பி, சி என்று உட்பிரிவுகள். நம் ஊர்க் கணக்கில் 1 என்பது கோரை முடி, பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரை மாதிரி வளையாமல் விழுவது. இந்த எண்ணுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். 2சியா 3ஏயா என்று மண்டையை உடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதைவிட உபயோகமானது தடிமன். அதே தட்டில் பக்கத்தில் தையல் நூல் ஒன்றை வையுங்கள். நூலுக்கு இணையாகத் தெரிந்தால் தடித்த முடி, கண்ணுக்கே எட்டாமல் இருந்தால் மெல்லிய முடி. மெல்லிய முடிக்குத் தேங்காய் எண்ணெயை அப்பினால் சுருள் படுத்துவிடும். பிறகு ஸ்ப்ரே பாட்டிலால் தலையில் தண்ணீர் தெளியுங்கள். வேர்ப்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்று, நுனி உடனே உறிஞ்சிக்கொண்டால், வேர்ப்பக்கம் சரியாக இருக்கிறது, நுனி அடிபட்ட முடி என்று அர்த்தம். டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மூழ்குதா மிதக்குதா என்று பார்க்கும் வித்தையை நம்ப வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தாலே மிதக்கும்.

அந்த எல்லைக்கோடு

புது முடியும் பழைய முடியும் சேரும் அந்த இடத்தில்தான் முடி அதிகம் ஒடியும். ஈரத்தில் சீப்புப் போடாதீர்கள், பேன் சீப்பு கூடவே கூடாது. விரலால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். ஒரேயடியாக வெட்ட மனசில்லாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு இரண்டு விரல் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். கடைசியாக மிச்சமிருந்த நேர் முடியைப் போன வாரம் மைனிதான் வெட்டிவிட்டார். சாண் நீளம் இருந்தது, கோரை மாதிரி.