ஒரு டி-ஷர்ட்டின் பின்னாலேயே நடந்து பாருங்கள்: வேலை ஓட்டத்தைச் சீர்செய்யும் முறை

திருப்பூரில் எந்தத் தையல் யூனிட்டில் போய் "பீஸ் ஏன் இன்னும் வரலை?" என்று கேட்டாலும், "ஆள் பத்தலைங்க" என்பதுதான் முதல் பதில். பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் ஆள் தேடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: கட்டிங் மேசையில் இருந்து கிளம்பும் பீஸ் எங்கெங்கே நிற்கிறது? இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சிறிய தையல் யூனிட்டில், ஐந்து மெஷின் கொண்ட ஒரே ஒரு லைனில். அதை வைத்தே சொல்கிறேன். நீங்கள் பேக்கரியோ அச்சகமோ நடத்தினாலும் வழி இதேதான்.

படி 1: கூடவே நடங்கள்

ஆபீசில் உட்கார்ந்து வரையும் படம் பெரும்பாலும் நடக்க வேண்டியதைத்தான் காட்டும். நடப்பதை அல்ல. அதனால் ஒரு பண்டிலை, அதாவது சேர்த்துக் கட்டிய பீஸ்களின் கட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது போகும் இடமெல்லாம் நீங்களும் போங்கள். பென்சிலும் ஒரு தாளும் போதும். வேலை நடந்தால் வட்டம், இடம் மாறினால் அம்பு, சரிபார்த்தால் சதுரம், சும்மா காத்திருந்தால் ஆங்கில 'D' எழுத்து, அடுக்கி வைத்துவிட்டால் தலைகீழ் முக்கோணம். இப்படிக் குறியிட்டு வரையும் பழக்கத்தை ஃபிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1921இல் அமெரிக்கப் பொறியாளர்கள் முன் வைத்தார்கள். மேலே சொன்ன ஐந்து குறிகள் 1947இல் அங்கே தரமாக்கப்பட்டன. இன்றைக்கும் இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது.

என் தாளில் வட்டங்கள் கொஞ்சம்தான். 'D'தான் நிறைய.

படி 2: நேரம் எடுங்கள்

செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். ஒவ்வொரு மேசையிலும் பத்துப் பீஸாவது பார்த்துச் சராசரி எடுங்கள். எடுப்பதற்கு முன், எதற்காக எடுக்கிறீர்கள் என்று டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பின்னால் போய் நின்றால் அவர் கை பதறும், வரும் எண்ணும் தப்பாகத்தான் இருக்கும்.

எங்கள் லைனில் வந்தது இது: தோள் 30 விநாடி, கழுத்து 75, கை 55, பக்கத் தையல் 60, கீழ் மடிப்பு 45. மொத்தம் 265 விநாடி, அதாவது நாலரை நிமிடம்கூட இல்லை.

கழுத்துதான் மெதுவான இடம். மணிக்கு 48 பீஸ்தான் அங்கே முடியும். மற்ற நாலு பேரும் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் லைன் அதற்கு மேல் தராது. தோள் வைப்பவர் மட்டும் வேகம் கூட்டினால், கழுத்து மேசைக்கு முன்னால் குவியல் உயரும், அவ்வளவுதான்.

படி 3: குவியலை எண்ணுங்கள்

மேசைக்கு மேசை கிடந்ததை எல்லாம் கூட்டினால் 1,920 பீஸ். அதை மணிக்கு 48 என்ற வெளிவரும் வேகத்தால் வகுத்தால் 40 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட்டில் ஐந்து நாள்! இந்தக் கணக்குக்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் 1961இல் இதை நிரூபித்தார். நாலரை நிமிட வேலைக்கு ஐந்து நாள் என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தபோது, நிஜமாகவே மனசு கனத்தது.

படி 4: மெதுவான மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். அரை நாள் போனாலும் பரவாயில்லை.

கழுத்து வைத்துக்கொண்டிருந்த அக்கா, ரிப் பட்டியை (கழுத்தைச் சுற்றி வரும், இழுபடும் துணிப் பட்டி) எடுப்பார், அளவு அட்டையில் வைத்து இழுப்பார், மேசைக் காலில் கட்டியிருந்த கத்தரியால் வெட்டுவார், இரண்டு முனையையும் மூட்டி வளையமாக்குவார். அதற்குப் பிறகுதான் கழுத்தில் வைத்துத் தைப்பார். "இதையும் நீங்களேதான் பண்ணணுமாக்கா?" என்று கேட்டேன். "மூட்டிக் குடுத்தா நான் வெச்சுட்டே போயிருவேன் கண்ணு. யாரு குடுக்கறாங்க?" என்றார். அவருக்கு விடை தெரிந்தேதான் இருந்தது. எங்களில் ஒருவரும் அதுவரை கேட்கவில்லை.

ரிப்பை வெட்டி மூட்ட 20 விநாடி. தோள் வைப்பவரிடம் நேரம் மிச்சம் இருந்தது, அவரிடமும் ஓவர்லாக் மெஷின்தான் (துணி ஓரம் பிசிறாமல் மூட்டித் தைப்பது). வேலையை அங்கே மாற்றினோம். தோள் 50, கழுத்து 55 ஆனது. இப்போது பக்கத் தையல்தான் மெதுவான இடம். 60 விநாடி என்றால் மணிக்கு 60 பீஸ். புது மெஷினும் வாங்கவில்லை, புது ஆளும் எடுக்கவில்லை.

படி 5: கூலியை முதலில் பேசுங்கள்

பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும் இடத்தில் வேலையை ஒரு மேசையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், ரேட்டும் மாற வேண்டும். தோள் வைப்பவருக்கு 20 விநாடி வேலை கூடுகிறது, அதற்கான காசை அவருக்குக் கூட்டிக் கொடுங்கள். கழுத்து அக்காவின் ஒரு நாள் வருமானம் குறையாதபடி கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மாற்றம் தொடங்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த முறை யாரும் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

படி 6: குவியலுக்கு எல்லை வையுங்கள்

60 பீஸ் பண்டிலை 20 ஆக்கினோம். ஒரு மேசையில் கையில் ஒரு பண்டில், காத்திருப்பில் இரண்டு. அதற்கு மேல் வைக்கத் தட்டே கிடையாது. தட்டு நிரம்பினால் முந்தைய மேசை நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் பிசிறு வெட்டலாம், பக்கத்து மேசைக்கு உதவலாம். முதல் இரண்டு நாள் சூப்பர்வைசருக்கு இது பிடிக்கவே இல்லை. மெஷின் நிற்பதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஐந்து மேசைக்கு அதிகபட்சம் 300 பீஸ், மணிக்கு 60 என்றால் 5 மணி நேரம். காலையில் உள்ளே போனது மாலைக்குள் செக்கிங்குக்கு வந்துவிடும். கழுத்தில் தப்பு இருந்தால் அன்றைக்கே தெரியும், ஐந்து நாள் தைத்த பிறகு அல்ல.

ஒரு எச்சரிக்கை. பண்டிலைப் பிரிக்கும்போது நம்பர் ஸ்டிக்கரை விட்டுவிடாதீர்கள். ரோலுக்கு ரோல் துணியின் நிறம் லேசாக மாறும். ஒரு ரோலின் கையும் இன்னொரு ரோலின் உடலும் சேர்ந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட்தான்.

படி 7: திரும்பவும் அளந்து பாருங்கள்

ஒரு வாரம் விட்டு, அதே தாள், அதே ஐந்து மேசை. வெளியே வந்த எண்ணிக்கையோடு செக்கிங்கில் திரும்பிய பீஸையும் எண்ணுங்கள். வேகம் கூடித் தரம் இறங்கியிருந்தால் அது முன்னேற்றமே இல்லை. புது முறையை எழுதி மேசை பக்கத்தில் ஒட்டுங்கள், லீவில் போனவர் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்வார். அப்புறம் பக்கத் தையல் மேசைக்குப் போய், அங்கே அந்த 60 விநாடியும் எதில் போகிறது என்று கேளுங்கள்.