சிறுநீரகப் புரதம் கட்டியில் தெரிந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபின்லாந்தில் சில குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே சிறுநீரில் புரதம் கொட்டும். அதற்குக் காரணமான மரபணுவைத் தேடிப் போனவர்கள் 1998இல் நெஃப்ரின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 2000இல் போடோசின் என்ற இன்னொரு புரதம் சிக்கியது, அதுவும் குடும்பங்களில் வரும் இதேபோன்ற நோயைத் துரத்தியபோதுதான். சிறுநீரகங்களில் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கிற நுண்வடிகட்டிதான் குளோமெருலஸ். அதைப் போர்த்தியிருக்கும் போடோசைட் செல்களின் விரல் போன்ற நீட்சிகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடுக்கில் இவை இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. இப்படி வந்ததால் 'சிறுநீரகப் புரதங்கள்' என்று முத்திரை விழுந்துவிட்டது. தவறு தொடங்குவது அங்கேதான். முதலில் கண்ட இடத்தையே அதன் ஒரே முகவரியாக எடுத்துக்கொள்கிறோம்.

நெஃப்ரின் கணையத்தின் பீட்டா செல்களிலும் காணப்பட்டிருக்கிறது. போடோகேலிக்சின் என்ற மற்றொரு போடோசைட் புரதம் இன்னும் பரவலானது. பெயரிலேயே போடோசைட்டைச் சுமந்திருந்தாலும் ரத்தக்குழாய்களின் உட்சுவரிலும், ரத்த மூலச்செல்களிலும், பிளேட்லெட்டுகளிலும் அது உண்டு. இப்போது ஒரு புற்றுக்கட்டியை அரைத்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏவை எடுத்து அளக்கிறீர்கள், போடோகேலிக்சின் ஏறி நிற்கிறது. சரி, ஆனால் ரத்தக்குழாய் இல்லாத கட்டி ஏது? அந்த எண் புற்றுச்செல்லிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று அரைத்த கூழ் சொல்லாது. திசுவை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கச் சறுக்கலும் உண்டு: கட்டி சிறுநீரகத்தில் வந்திருக்கிறது, அதனால் நெஃப்ரின் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் சிறுநீரகப் புற்றான தெளிசெல் வகை, வடிகட்டியிலிருந்து பிறப்பதாகக் கருதப்படுவதில்லை. வடிந்த நீரிலிருந்து வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் அண்மை நுண்குழாய்தான் அதன் மூலம் என்கிறார்கள். குபிலினும் மெகாலினும் அந்தக் குழாயின் புரதங்கள். இவற்றை 'வடிகட்டிப் புரதம்' என்ற ஒரே பையில் போடுவது எனக்கு எப்போதும் உறுத்தும். வடிகட்டுவது வேறு, வடிந்ததில் தப்பிய புரதத்தைப் பொறுக்கி எடுப்பது வேறு. குபிலினுக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் வேலை இருக்கிறது. அங்கே வைட்டமின் பி12ஐ உள்ளே இழுக்கிறது. அப்புறம், சிறுநீரகக் கட்டியின் ஓரத்தில் எடுத்த துண்டில் நல்ல குளோமெருலஸ் ஒன்றிரண்டு மாட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் போடோசின் சமிக்ஞையைக் கட்டியின் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

நேரத்தை அதிகம் தின்பது, தேடும் புரதத்தைப் பிடித்துச் சாயத்தால் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடிதான். பெட்டியில் 'நெஃப்ரின்' என்று ஒட்டியிருந்தால் அது நெஃப்ரினை மட்டும் பிடிக்கும் என்று பொருள் இல்லை. அந்த மரபணு இல்லாத செல்லில் அது மௌனமாக இருக்கிறதா, குளோமெருலஸில் இடுக்கின் வரியில் மட்டும் நிறம் ஏறுகிறதா என்று பார்க்காமல் புதிய திசுக்களுக்குப் போகக் கூடாது. சிறுநீரகத்துக்கென்றே ஒரு பொறி வேறு இருக்கிறது. அதன் நுண்குழாய்களில் இயல்பாகவே பயோட்டின் என்ற வைட்டமின் நிறைய உண்டு, கல்லீரலிலும் அப்படியே. பயோட்டின் மூலம் நிறம் காட்டும் முறையில், அதைத் தடுக்காமல் விட்டால் குழாய்கள் அழகாகப் பழுப்பேறும், நீங்கள் தேடிய புரதம் அங்கே துளியும் இல்லாவிட்டாலும். முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு கண்ணாடித் தகட்டைக் கூடவே ஓட்டினால் குட்டு உடையும்.

நிறம் செல்லின் எந்தப் பகுதியில் என்பதும் முக்கியம். போடோசைட்டுக்கு அடையாளமான டபிள்யூடி1 என்பது, மற்ற மரபணுக்களை இயக்கும் ஒரு புரதம். அதன் இடம் உட்கரு. நுரையீரல் போன்ற உறுப்புகளின் உறையில் வரும் புற்றான மீசோதீலியோமாவிலும், சூலகத்தின் சீரஸ் வகைப் புற்றிலும் உட்கரு நிறமேறுவதை நோய்க்குறியியலாளர்கள் தேடுவார்கள். வேறு பல கட்டிகளில் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் மட்டும் நிறமேறும். இரண்டையும் ஒரே 'பாசிட்டிவ்' கட்டத்தில் போட்டால் அட்டவணை பயனற்றதாகிவிடும்.

'இல்லை' என்ற முடிவையும் அவசரப்பட்டு எழுத வேண்டாம். நூற்றுக்கணக்கான திசுக்களை ஒரே தகட்டில் வைக்கும் மைக்ரோஅரேயில், ஒரு வட்டின் அகலம் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர். குளோமெருலஸ் சுமார் 0.2 மில்லிமீட்டர். வட்டு சிறுநீரகத்தின் உட்பகுதியிலிருந்து வந்திருந்தால் அதில் ஒரு குளோமெருலஸ்கூட இருக்காது. அப்போது நல்ல சிறுநீரகமே 'போடோசின் இல்லை' என்று காட்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, கட்டியில் தெரியும் போடோசைட் புரதமெல்லாம் கலப்படம் என்று தள்ளிவிடுவதும் தவறுதான். டிஎச்எஸ்டி7ஏ என்ற போடோசைட் புரதத்துக்கு எதிராக உடலே ஆன்டிபாடி உண்டாக்கி, மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற, சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய் வரும் என்பது 2014இல் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில், அந்த நோயோடு பித்தப்பைப் புற்றும் இருந்த ஒரு நோயாளியின் கட்டியிலேயே இந்தப் புரதம் இருப்பது வெளியானது. கட்டியைப் பார்த்து உருவான ஆன்டிபாடி சிறுநீரகத்தையும் தாக்கியிருக்கிறது என்பதுதான் அதற்குத் தந்த விளக்கம். ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி தென்பட்டால், எங்காவது புற்று ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் இப்போது தேடிப் பார்க்கிறார்கள்.